தோன்றா எழுவாய்

பலிக்சியில் காற்றுக்குக்கூடப் பெயர் உண்டு: உலான்.
கணவாய் வழியே வந்து ஏரியின் மேல் விழும்.
எங்கள் தெருக்குழாய்க்குப் பெயர் இல்லை.
தண்ணீரும் இல்லை.
அதன் கழுத்தில் ஒரு தகரப் பலகை:
பழுது நீக்கப்பட்டது.
தொண்ணூறாயிரம் சோம் செலவிடப்பட்டது.

பள்ளி ஆங்கிலப் புத்தகத்தில்
மிஸ்டர் பிரவுன் இன்னும் லண்டன் ரயிலுக்கு நிற்கிறார்.
எத்தனை கரண்டி சர்க்கரை என்று அவர் மனைவி கேட்கிறாள்.
எங்கள் அண்ணன்மார், அக்காமார்
எல்லாரும் அந்தத் தேநீரைக் குடித்தாயிற்று.
எனவே ஒன்பதாம் வகுப்புக்கு
நாங்களே ஒரு புத்தகம் போட்டோம், ஐந்து பேர்,
ஜிப்பார் வீட்டு அடுப்படியில், மீன் வாசனையோடு.
கையெழுத்து என்னுடையது.
என் இங்கிலீஷ் சுமார்தான், எழுத்து மட்டும் அழகு.

முதல் பாடம்: நகராட்சிக்கு எப்படிப் போவது?
(நேராக. பிறகு இடது. பிறகு செவ்வாய்க்கிழமை வா என்பார்கள்.)
இரண்டாவது: எண்கள்.
ஜனவரியில் ரொட்டி விலை, ஏப்ரலில் ரொட்டி விலை,
கழித்துப் பார், உரக்கச் சொல்.
ஆறாம் பாடத்தில்தான் சண்டை வந்தது.

ஆறாம் பாடம், செயப்பாட்டுவினை.
பலகையின் இரண்டு வரிகளை அப்படியே பெயர்த்தோம்.
பயிற்சி: இவற்றைச் செய்வினையாக மாற்றுக.
மாற்ற முடியவில்லை.
வினை இருக்கிறது, பணம் இருக்கிறது,
எழுவாயைக் காணோம்.

நுரிசா சொன்னாள்,
நம் மொழியிலும் இதே வித்தைதான்;
வினைக்கு நடுவில் ஓர் ஒலியைச் செருகினால் போதும்,
ஆள் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

நோபடி என்று போடலாமே, என்றான் ஜிப்பார்.
நோபடி ரிப்பேர்ட் த பம்ப்.
எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.
கிர்கிஸில் யாரும் செய்யவில்லை என்றால் செய்யவில்லைதான்.
ஆங்கிலத்தில் பாருங்கள், வேலை நடந்தே விடுகிறது,
செய்தவர் பெயர் திரு. நோபடி!
நான் உடனே படம் போட்டேன்:
தலையில்லாத ஒரு மேலங்கி,
ரசீதில் கையெழுத்துப் போடுகிறது.

பெக்ஸாத் மட்டும் சிரிக்கவில்லை.
அவன் அப்பாவுக்குக் குடிநீர்த் துறையில் வேலை.
"இது கேள்வியா, விடையா?" என்றான்.
"விடையை வைத்துக்கொண்டு
கேள்வி மாதிரி அச்சடிக்கிறீர்கள்.
மிஸ்டர் பிரவுனும் இதைத்தானே செய்தார்?
யாராவது போய்க் கேட்டீர்களா?"

கேட்கவில்லை.
அடுப்பில் மீன் கருகியது.

செவ்வாய்க்கிழமை போனோம், பெக்ஸாத்தும் வந்தான்.
அவன் அப்பா எங்களைப் பார்த்தார், மகனைப் பார்க்கவில்லை.
குழாய் வாங்கியது உண்மை. மாட்டியதும் உண்மை.
வால்வு வரவில்லை.
ஏன் வரவில்லை என்பதற்கு வேறொரு மேசை,
அந்த மேசைக்காரர் விடுப்பில்.
எழுத்தில் தரச் சொன்னோம். தந்தார்கள்.
நான்கு வரி, நான்கிலும் யாரும் இல்லை.

வீட்டுக்கு வந்து மேலங்கியை அழித்தேன்.
ரப்பர் தேய்ந்த இடம் தாளில் அழுக்காகத் தெரிந்தது.
அது இருக்கட்டும் என்றாள் நுரிசா.
அந்த இடத்தில் ஒரு கோடு,
கோட்டுக்குப் பின்னால் வினை,
கீழே அவர்கள் தந்த நான்கு வரி.
விடைப்பக்கம் போடவில்லை.
நாற்பது பிரதி. பின் தீர்ந்துபோய்
கடைசி ஏழை நூலால் தைத்தோம்.

பிறகு பக்கத்துத் தெருக் குழாயடியில் ஒருநாள்,
வாளிகளை உலான் உருட்டிக்கொண்டிருந்தபோது,
யாரோ ஒரு பையன் வரிசையில் நின்றபடி
எங்கள் ஆறாம் பாடத்தை இரைந்து படித்தான்,
பம்ப்பை பாம்ப் என்று.
என்னடா அது, என்றார்கள் பெண்கள்.
கிர்கிஸில் சொல்ல ஆரம்பித்து முதல் சொல்லிலேயே நின்றான்.
"இங்கே காலியாக இருக்கிறது, அக்கா.
யார் என்று நாம்தான் எழுத வேண்டுமாம்."

ஒருத்தி ஒரு பெயர் சொன்னாள்.
இன்னொருத்தி, இல்லை, அவனுக்கும் மேலே, என்றாள்.
மூன்றாமவள், முதலில் அந்த வால்வு எங்கேயென்று கேள், என்றாள்.
பையனிடம் பேனா இல்லை.
வாளிகளைக் கீழே வைத்துவிட்டு
மூன்று பேரும் பைக்குள் கைவிட்டுத் தேடினார்கள்.